பெயருக்குப் பின்னால் ஒரு ஜெனரல்

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே நடப்பார்கள். வலது பக்கம் திரும்ப மாட்டார்கள். என்னோடு வந்த நண்பன் திரும்பினான். சரித்திர ஆர்வம் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். மே மாத வெயில். அந்தப் பக்கம் நிழல் இருந்தது.

சின்ன வாசல். உள்ளே போனால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு தோட்டம். நடுவில் எட்டுப் பட்டையாக ஒரு கல்லறை. மேலே குட்டிக் குட்டி மண்டபங்கள், அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற நீல ஓடுகள், பக்கத்திலேயே ஒரு மசூதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இந்த மதிலுக்குள் ஒரு முழு கிராமமே குடியிருந்ததாம். செத்தவரைச் சுற்றி எத்தனை அடுப்பு புகைந்திருக்கும்!

"யாருடா இந்தப் பெரிய மனுஷன்?" என்றான், சுவரில் சாய்ந்துகொண்டு.

பலகையைப் படித்தேன். ஈஸா கான். ஷெர்ஷா சூரியின் சபையில் இருந்த பிரபு. கட்டியது 1547. "ஈஸா கான் நியாஸின்னு சொல்லுவாங்க" என்றேன்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். பேங்க் பரீட்சைக்கு ஐந்து தடவை உட்கார்ந்தவன். பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும். 16.12.1971 மறக்காது. "நியாஸியா? டாக்காவுல சரண்டர் பண்ணினாரே, ஜெனரல் நியாஸி. அந்த வகையறாவா?"

"அதே வகையறாதான். இம்ரான் கான்கூட நியாஸிதான்."

"சும்மா இரு. அவரு கான்."

வெயிலில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. ஒரே வால். அதில் ஒரு பக்கம் டெல்லியில் கல்லறை, இன்னொரு பக்கம் டாக்காவில் கையெழுத்து, நடுவில் ஒரு உலகக் கோப்பை. எங்கிருந்து வந்தது இந்த வால்?

★

முதலில் நண்பனின் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கான் என்பது குடும்பப் பெயர் அல்ல. தலைவன், பிரபு என்று பொருள்படும் பட்டம். பஷ்தூன்களிடம் அது தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஆளை அடையாளம் காட்டுவது அதற்குப் பிறகு வருகிற குலப் பெயர்தான். பஷ்தூவில் 'ஸை' என்றால் மகன் வழி. மலாலா யூசுஃப்ஸை என்றால் யூசுஃபின் வழி வந்தவர். 'கேல்' என்றால் கூட்டம், கிளை. அந்த மாதிரி நியாஸ் என்ற மூதாதையின் வழி வந்தவர்கள் நியாஸிகள். (பஷ்தூன் என்பது இந்தியாவுக்குள் வந்து பட்டான் ஆகி, தமிழுக்கு வந்து பட்டாணி ஆனது. சுண்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

சரி, நியாஸ் யார்?

இதற்குப் பதில் சொல்வது ஒரு புத்தகம். ஜஹாங்கீர் காலத்தில், 1613 வாக்கில், நிஅமதுல்லா என்பவர் பாரசீகத்தில் எழுதிய 'மக்ஸனே அஃப்கானி'. பஷ்தூன்கள் அத்தனை பேருக்கும் ஒரே பாட்டன், பெயர் கைஸ் என்று அதில் வருகிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள். அதில் ஒருவர் பேட்டன். பேட்டனுக்கு ஒரு மகள், பீபி மத்தோ. கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

கோர் ராஜ வம்சத்துப் பையன் ஒருவன், ஷா ஹுசேன், ஊரைவிட்டு ஓடிவந்து பேட்டன் வீட்டில் அடைக்கலம் புகுந்தான். அடைக்கலம் கொடுத்த வீட்டில் வயதுப் பெண். அப்புறம் என்ன? நம்ம ஊர் சினிமா எப்படிப் போகுமோ அப்படியே போயிற்று. கல்யாணத்துக்கு முன்னாலேயே மத்தோ உண்டாகிவிட்டாள். பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு அவசர அவசரமாக முடிச்சுப் போட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு 'கல்ஸோய்' என்று பெயர். திருட்டுப் பிள்ளை என்று அர்த்தமாம். அவன் வழி வந்தவர்களே ஆப்கானிஸ்தானின் பெரிய குலங்களில் ஒன்றான கில்ஸை என்கிறது கதை. அடுத்த பிள்ளை இப்ராஹிம். கெட்டிக்காரன் என்பதால் 'லோய்', அதாவது பெரியவன், என்ற சொல் அவனோடு ஒட்டிக்கொண்டு லோடி ஆயிற்று. (லோயா ஜிர்கா என்று பேப்பரில் படித்திருப்பீர்களே, பெரிய சபை, அதே லோய்.) அந்த லோடியின் பிள்ளைகளில் ஒருவன் நியாஸி.

இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. புத்தகம் எழுதியவருக்கு ஆதரவு கொடுத்தவர் கான் ஜஹான் லோடி. லோடி செலவில் லோடி வம்ச சரித்திரம். முதலாளி சம்பளம் கொடுத்து வைத்த ஆடிட்டர் எழுதிய பேலன்ஸ் ஷீட் மாதிரி. கூட்டல் சரியாகத்தான் வரும். மொகல் சபையில் ஆப்கானியர்களை மட்டமாகப் பார்த்த காலம் அது. எங்களுக்கும் ராஜ வம்சம் உண்டு என்று காட்டவேண்டிய கட்டாயம் இருந்தது. சரித்திரக்காரர்கள் இந்த வம்சாவளியைக் கையில் எடுக்கும்போது உப்பு போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தகப்பன் வழியே கதி என்று வாழ்கிற சமூகம் அது. அங்கே கில்ஸை, லோடி, நியாஸி என்று இத்தனை பெரிய குலங்களும் ஒரு பெண் வழியாக வருகின்றன. 'மத்தி' என்று பாட்டி பெயரிலேயே இவர்களைச் சேர்த்துச் சொல்கிற வழக்கமும் உண்டு. பொய்யாகவே இருக்கட்டும், நானூறு வருஷமாக இந்தக் கதையை ஒருத்தரும் அடித்துத் திருத்தவில்லை.

★

கதையை விட்டு சரித்திரத்துக்கு வருவோம். லோடிகள் 1451-ல் டெல்லியைப் பிடித்தார்கள். 1526-ல் பானிபட்டில் பாபரிடம் விட்டார்கள். பிறகு ஷெர்ஷா சூரி வந்தார், 1540-ல் பாபரின் பிள்ளை ஹுமாயூனை நாட்டை விட்டே துரத்தினார். சூர் குலமும் அதே வம்சாவளியில் லோடி கிளைதான். ஆக லோடி, சூர், நியாஸி மூவரும் பங்காளிகள்.

பங்காளி என்றாலே நமக்குத் தெரியும். பஷ்தூவில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைக்கு 'தர்பூர்' என்று சொல்கிறார்கள். அதே வார்த்தைக்கு எதிரி என்ற வாடையும் உண்டு. பங்காளிகளுக்குள் நடக்கிற போட்டிக்கு 'தர்பூர்வலி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் வரப்பை அரை அடி தள்ளிப் போட்டதற்குக் கோர்ட்டுக்குப் போவோம். அங்கே துப்பாக்கி.

ஷெர்ஷா இரண்டு நியாஸிகளைப் பெரிய இடத்தில் வைத்தார். ஒருவர் நாம் பார்த்த ஈஸா கான். இன்னொருவர் ஹைபத் கான். இந்த ஹைபத் கான் சாதாரண ஆள் இல்லை. பஞ்சாபே அவர் கையில். 1543-ல் முல்தானையும் பிடித்துக் கொடுத்தார். ஆஸம் ஹுமாயூன் என்று பட்டமும் வாங்கினார். (ஹுமாயூனைத் துரத்திய ராஜா தன் ஆளுக்கு ஹுமாயூன் என்றே பட்டம் கொடுக்கிறார் பாருங்கள்!)

1545-ல் ஷெர்ஷா இறந்தார். மகன் இஸ்லாம் ஷா வந்தார். அப்பா வளர்த்த பெரிய தலைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஹைபத் கான் கலகம் செய்தார். அம்பாலா பக்கத்தில் சண்டை. தோற்றார். தோற்றவர் மலை மலையாக ஓடி, கடைசியில் காஷ்மீர் எல்லையில் சண்டை போட்டே செத்தார். தலை இஸ்லாம் ஷாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் நடந்த அதே 1547 வாக்கில்தான் டெல்லியில் ஈஸா கான் தன் கல்லறையைக் கட்டி முடிக்கிறார். இஸ்லாம் ஷா ஆட்சியில் கட்டியது என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. ஒரே குலம், ஒரே ராஜா. ஒரு நியாஸிக்கு நீல ஓடு, இன்னொரு நியாஸிக்குத் தலை போயிற்று. அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் ஹுமாயூன் கல்லறை பக்கத்தில் எழும்பியது. ஜெயித்த மொகலாயர்கள் எதிராளியின் சபைப் பிரபுவைத் தோண்டி எறியாமல் விட்டார்களே, அந்த மட்டும் நல்லது. என் நண்பனுக்கு நிழல் கிடைத்தது.

★

டெல்லியில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். குலத்தின் பெரும்பகுதி எங்கே இருந்தது?

ஆரம்பத்தில் கஜினிப் பக்கம். அங்கே கில்ஸைகள் நெருக்கினார்கள். கீழே இறங்கி டாங்க் பக்கம் வந்தார்கள். அங்கே மர்வத் குலத்தார் தள்ளினார்கள். (அவர்களும் லோடி கிளை. சொன்னேனே, பங்காளி.) தள்ளித் தள்ளி சிந்து நதிக் கரைக்கே வந்துவிட்டார்கள். மேற்குக் கரையில் ஈஸாகேல் என்ற ஊர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரை, அதாவது மியான்வாலி.

ஆற்றைத் தாண்டியதில் பாஷை மாறியது. மியான்வாலி நியாஸிகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது சராய்க்கி. பஷ்தூ இல்லை. குலம் பட்டாணி, நாக்கு வேறு. போதாக்குறைக்கு 1901-ல் வெள்ளைக்காரன் ஒரு கோடு போட்டான். வடமேற்கு எல்லை மாகாணத்தைப் பஞ்சாபிலிருந்து பிரித்தபோது மியான்வாலியையும் ஈஸாகேலையும் பன்னூ ஜில்லாவிலிருந்து வெட்டி எடுத்து, தனி ஜில்லாவாக்கிப் பஞ்சாபிலேயே விட்டுவிட்டான். அன்றிலிருந்து பெஷாவர்க்காரர் பார்வையில் பஞ்சாபி, லாகூர்க்காரர் பார்வையில் பட்டாணி. இரண்டு வீட்டிலும் விருந்தாளி. பாஷை போய், மாகாணமும் போன பிறகு, பழைய ஊரிலிருந்து இவர்கள் கையில் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயருக்குத்தான் 1971-ல் வந்தது வினை.

அமீர் அப்துல்லா கான் நியாஸி மியான்வாலிப் பக்கம் 1915-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் சண்டை போட்டு மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். 'டைகர்' என்று வெள்ளைக்கார அதிகாரிகளே செல்லப்பெயர் வைத்தார்கள். மியான்வாலி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தளபதியாகப் போனார். அங்கே அவருடைய ராணுவம் ஆடிய ஆட்டம் உலகத்துக்கே தெரியும். டிசம்பர் 16, டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம், ஒரு மேஜை. பக்கத்தில் லெஃப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. நியாஸி குனிந்து கையெழுத்துப் போடுகிற அந்தப் போட்டோவைப் பார்க்காத இந்தியன் இல்லை. கைதானவர்கள் ஏறத்தாழ 93,000 பேர்.

நமக்கு அது வெற்றிப் படம். மியான்வாலியில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. படித்தபோது கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று.

மியான்வாலியில் ஒரு சிறை இருக்கிறது. 1929-ல் பகத்சிங் உண்ணாவிரதம் இருந்த அதே சிறை. 1971 கடைசியில் அங்கே தனி அறையில் இருந்தவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான். எந்த வங்காளத்துக்காக டாக்காவில் சண்டை நடந்ததோ அந்த வங்காளத்தின் தலைவர். லயால்பூர் ராணுவ நீதிமன்றம் தூக்கு என்று முடிவு செய்தாயிற்று. சிறையிலோ, மியான்வாலி ஜில்லாக் கைதிகள். ஜெனரலின் சொந்த ஜில்லா.

பின்னால் முஜிபே பத்திரிகையாளர்களிடம் இதைச் சொன்னார். 1972 ஜனவரி அமெரிக்கப் பேப்பரில் வந்தது. யாரோ கைதிகளிடம் ஒரு சேதியைப் பரப்பினார்கள். நியாஸியை வங்காளிகள் கொன்றுவிட்டார்கள் என்று. விடிந்ததும் கதவு திறக்கும், உள்ளே இருக்கிற வங்காளியைத் தீர்த்துவிடுங்கள் என்று. கைதிகளும் தயார். நம்ம ஊர்ப் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்றால் ரத்தம் கொதிக்காதா? யாருக்கும் ஆர்டர் போட வேண்டியதில்லை, துப்பாக்கி வேண்டியதில்லை, கோர்ட்டு வேண்டியதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், நாலு மணிக்கு, சிறை சூப்பரின்டென்டென்ட் வந்து அறையைத் திறந்தார். தூக்கில் போடத்தான் கூட்டிப்போகிறார் என்று முஜிப் நினைத்தார். நினைக்காமல் என்ன செய்வார்? அறைக்கு வெளியே குழி வெட்டுவதைக் கண்ணால் பார்த்திருந்தார். விமானத் தாக்குதலுக்குப் பதுங்குகுழி என்று சொல்லியிருந்தார்கள். சூப்பரின்டென்டென்ட் சதியை விளக்கி, அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் ஒளித்து வைத்தார். முஜிப் 1972 ஜனவரி 8-ல் விடுதலையாகி, லண்டன் வழியாக 10-ம் தேதி டாக்கா போய்ச் சேர்ந்தார்.

ஜெனரல் உயிரோடுதான் இருந்தார். ஜபல்பூர் முகாமில் கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். ராணுவம் அவரை வெளியே தள்ளியது. பென்ஷன் இல்லை. என்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரியுங்கள் என்று அவரே கேட்டார். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் வாயைத் திறப்பாரே. டாக்காவுக்கு உத்தரவு போட்ட மற்றவர்கள் பெயரும் வெளியே வருமே! 1998-ல் தன் பக்கத்து நியாயத்தைப் புத்தகமாக எழுதினார். 2004-ல் லாகூரில் இறந்தார். ஒரு நாட்டின் தோல்வியைத் தனியாகச் சுமந்துகொண்டு போனார் என்று சொல்லலாமா? எனக்கு அவர் மேல் அவ்வளவு இரக்கம் வரவில்லை. டாக்காவில் செத்தவர்கள் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தச் சுமையில் அவருடையதல்லாத பங்கும் இருந்தது என்பது நிஜம். அந்தப் பங்கு மியான்வாலியில் நியாஸி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கும், தபால்காரருக்கும், பிறக்காத பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது.

★

இப்போது இம்ரான்.

முழுப் பெயர் இம்ரான் அகமது கான் நியாஸி. அப்பா இக்ராமுல்லா கான் நியாஸி, இன்ஜினியர், பூர்வீகம் மியான்வாலி. ஆனால் ஸ்கோர்கார்டில், போஸ்டரில், உலகக் கோப்பையில் எல்லாம் வெறும் இம்ரான் கான். இதற்குப் பாகிஸ்தானில் ஒரு விளக்கம் சொல்வார்கள். டாக்கா அவமானத்துக்குப் பயந்து வாலை வெட்டிக்கொண்டார் என்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைச் சொன்னாலும் தேதியைப் பார்ப்போம். மார்ச் மாத வவுச்சருக்கு ஜனவரியில் என்ட்ரி இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது.

இம்ரான் முதல் டெஸ்ட் ஆடியது 1971 ஜூன், எட்ஜ்பாஸ்டன், இங்கிலாந்துக்கு எதிராக. வயது 18. ஸ்கோர்கார்டில் அன்றைக்கே இம்ரான் கான்தான். சரண்டர் டிசம்பரில். ஆறு மாதம் முன்னாலேயே அவமானத்தை எதிர்பார்த்துப் பெயரை மாற்றினாரா? அது இன்ஸ்விங்கரை விடக் கஷ்டம். அதே வருஷம் மார்ச்சில் அண்டர்-19 மேட்ச் ஆட டாக்கா போயிருந்ததாகவும், ராணுவ நடவடிக்கைக்கு முன்னால் கிளம்பிய கடைசி விமானத்தில் திரும்பியதாகவும் அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். டிசம்பருக்குப் பிறகு அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ள அவருக்குக் காரணமில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அது வேறு, வெட்டினார் என்பது வேறு.

வெட்டாத வாலை எதிராளி பிடித்து இழுப்பதுதான் வேடிக்கை. அரசியலுக்கு வந்த பிறகு, ஷெபாஸ் ஷெரீஃப் மேடையில் ஏறினால் 'இம்ரான் நியாஸி' என்றுதான் சொல்வார். கான் என்று சொல்ல வாயே வராது. மரியாதையாக முழுப்பெயர் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். கேட்கிறவன் காதில் டாக்கா ரேஸ்கோர்ஸ் விழ வேண்டும், அவ்வளவுதான். அப்பன் பெயரே வசவு!

ஆனால் அதே பெயர் ஷெரீஃப் குடும்பத்தையும் ஒரு தடவை கடித்தது. பனாமா ஊழல் வழக்கு. நவாஸ் ஷெரீஃபின் பிரதமர் நாற்காலியையே 2017-ல் காலி செய்த வழக்கு. கோர்ட்டுக் காகிதத்தில் சுருக்கம் செல்லாது, முழுப்பெயர்தான் செல்லும். அந்த வழக்கின் பெயர்: இம்ரான் அகமது கான் நியாஸி எதிர் மியான் முகமது நவாஸ் ஷெரீஃப். வக்கீல்கள் மேற்கோள் காட்டும்போதெல்லாம் இனி இந்த நியாஸிதான் முதலில் வருவார்.

மியான்வாலியையும் அவர் விடவில்லை. 2002 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே பார்லிமென்ட் சீட் மியான்வாலி, அவருடையது. 2008-ல் அங்கே நமல் கல்லூரி திறந்தார். 2018-ல் ஐந்து தொகுதியில் நின்று ஐந்திலும் ஜெயித்து, நாலை விட்டுவிட்டு மியான்வாலியை வைத்துக்கொண்டு பிரதமர் ஆனார். பெயரில் இல்லாத ஊரை ஓட்டுச் சீட்டில் வைத்துக்கொண்டார். 2022-ல் பதவி போனதும், 2023-ல் சிறைக்குப் போனதும் நீங்கள் பேப்பரில் படித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் அவருக்கு நியாஸி ரத்தத்தில் வந்ததல்ல, அம்மா வழி. அம்மா ஷௌகத் கானம் பர்க்கி குலம். தெற்கு வஸீரிஸ்தானில் கனிகுரம் என்ற ஊர் இந்தக் குலத்துக்குப் பூர்வீகம். அங்கே பஷ்தூ அல்லாத ஒர்முரி என்று தனி பாஷை. அதில் ஒரு கிளை ஜலந்தரில் தங்கி, 1947-ல் லாகூர் வந்தது. ஜாவேத் பர்க்கி, மஜீத் கான் இரண்டு பேரும் அம்மா வழி அண்ணன்கள். இரண்டு பேருமே பாகிஸ்தான் கேப்டன்கள். அந்த வீட்டில் பந்தைத் தொடாமல் வளர்ந்திருந்தால்தான் ஆச்சரியம். 1994 கடைசியில் லாகூரில் புற்றுநோய் மருத்துவமனை கட்டித் திறந்தபோது, அதற்கு வைத்த பெயர் ஷௌகத் கானம். அப்பா பெயரை ஸ்கோர்கார்டில்கூடப் போடாதவர் அம்மா பெயரை இவ்வளவு பெரிய கட்டடத்தின் மேல் எழுதினார். பீபி மத்தோ கேட்டால் சந்தோஷப்படுவாள்.

★

போன வாரம் நண்பனுக்குப் போன் போட்டேன். ஆபீஸில் இருந்தான். மாசக் கடைசி, கடுப்பில் இருந்தான்.

"இம்ரான் நியாஸிதான். கோர்ட்டு ரெக்கார்டே இருக்கு" என்றேன்.

"இதைச் சொல்லவா போன் பண்ணினே?"

"இன்னொருத்தரும் இருக்காரு. 2007 செப்டம்பர் 24 ஞாபகம் இருக்கா?"

கடுப்பு போய்விட்டது. "ஜொகன்னஸ்பர்க். ட்வென்ட்டி ட்வென்ட்டி ஃபைனல். கடைசி ஓவர் ஜோகீந்தர் சர்மா. நாலு பால்ல ஆறு ரன். ஸ்கூப்பு, ஸ்ரீசாந்த் கேட்ச். எங்க தெருவுல ராத்திரி பூரா வெடி."

"ஸ்கூப் அடிச்சது யாரு?"

"மிஸ்பா. மிஸ்பா உல் ஹக்."

"மிஸ்பா உல் ஹக் கான் நியாஸி. பொறந்த ஊர் மியான்வாலி."

லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்து டேபிளில் யாரோ டோட்டல் கேட்கும் குரல் மட்டும் வந்தது.

"பாவம்டா" என்றான். "ஆனா அந்த மனுஷன் சரண்டர் பண்ணலையே. அடிச்சுத்தானே அவுட் ஆனாரு."